கிறுக்கியவன் போய்விட்டான், பூனைக்கு அலாரம் அடிக்கிறது: சுவர்க் கண்காணிப்பில் பிழை தேடும் முறை

காலையில் வந்து பார்த்தால் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கையெழுத்து. சென்சார் இருக்கிறது, கேமரா இருக்கிறது, விளக்கும் இருக்கிறது. இவற்றில் ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். என் அனுபவத்தில் பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்திருக்கும், ஆனால் தாமதமாக, அல்லது தவறான திசையைப் பார்த்துக்கொண்டு.

ஏணியை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு நேரங்களை வினாடி சுத்தமாக எழுதுங்கள். ஆள் சுவரருகே வந்தது, முதல் கோடு விழுந்தது, அலாரம் பதிவானது, விளக்கோ குரலோ காவலரோ அவரை எட்டியது. முதல் இரண்டும் கேமரா பதிவில் கிடைக்கும், மற்றவை அலாரம் பெட்டியின் பதிவேட்டில் இருக்கும். இரண்டு கடிகாரங்களும் ஒரே நேரம் காட்டுகின்றனவா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். நிமிடக்கணக்கில் விலகி ஓடுவது சாதாரணம். இரண்டையும் சரியான நேரம் தரும் ஒரே சர்வரோடு இணைக்காவிட்டால் இந்தக் கணக்கே பொய்யாகிவிடும்.

ஒரு சின்னக் கையெழுத்துக்கு அரை நிமிடம் தாராளம். அந்த அரை நிமிடம் எங்கே போனது என்பதைத்தான் தேடப்போகிறோம்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: எதை வைத்துக் கிறுக்கினார்கள்? ஸ்பிரே கேன், மார்க்கர், ஸ்டிக்கர், கண்ணாடியில் ஆணிக் கீறல், கண்ணாடியை அரிக்கும் பசை. ஸ்பிரேயின் சீறலைக் கேட்கும் மைக், மார்க்கருக்கு முன்னால் செவிடு. கீறலைப் பிடிக்கும் அதிர்வுச் சென்சாருக்கு ஸ்பிரே அடிப்பது தெரியவே தெரியாது. கருவியும் ஆயுதமும் பொருந்தாத இடத்தில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் பலனில்லை.

கிறுக்கல் விழுந்தது, பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை

அந்த நேரத்தில் அமைப்பு இயக்கத்தில்தான் இருந்ததா? வெட்கப்படாமல் இதை முதலில் பாருங்கள். மின்சாரம் போய் வந்ததும் சில பெட்டிகளின் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். அப்புறம் அது பகலை இரவென்று நம்பிக்கொண்டு காவல் காக்கும். கால அட்டவணையில் இரவு 10 என்று போட வேண்டியதைக் காலை 10 என்று நானே ஒரு முறை போட்டிருக்கிறேன். நன்றாக இருந்த சென்சாரைக் கழற்றி மாற்றி, மாற்றியதும் பிடிக்காமல் போன பிறகுதான் அது கண்ணில் பட்டது.

நேரம் சரி என்றால் நடந்து பாருங்கள், அதுவும் இரவில். சுவருக்குக் குறுக்கே விறுவிறுவென்று நடப்பது சோதனையே இல்லை, அதில் எந்தச் சென்சாரும் தேறிவிடும். ஒரு கை நீளத் தூரத்தில் சுவரைப் பார்த்து நின்று, உடம்பை அசைக்காமல் கையை மட்டும் வீசுங்கள். ஸ்பிரே அடிப்பவரின் அசைவு அவ்வளவுதான். சென்சாருக்கு நேர் கீழே ஒட்டிக்கொண்டு நடந்தும் பாருங்கள். அந்த இடம் பல நேரம் குருட்டு இடமாகவே இருக்கும்.

பி.ஐ.ஆர். சென்சார் (உடல்சூட்டின் அகச்சிவப்பை வைத்து அசைவைப் பிடிப்பது) என்றால் அது பார்க்கும் விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அதன் முன்னாலுள்ள பிளாஸ்டிக் லென்ஸ் பார்வைப் பரப்பை விசிறி மடிப்புகள் போலக் கூறு போடுகிறது. ஒரு கூறிலிருந்து அடுத்த கூறுக்கு உடல்சூடு நகரும்போதுதான் உள்ளே மின்சைகை பிறக்கிறது. அதனால் குறுக்கே போகிறவரை உடனே பிடிக்கும். தன்னை நோக்கி நேராக வருகிறவரைக் கோட்டைவிடும். சென்சாரைச் சுவரின் நடுவில் வெளிப்பக்கம் பார்த்து மாட்டியிருந்தால், சுவருக்கு வரும் ஆள் அதை நோக்கி நேராகத்தான் வருவார். அதைச் சுவரின் மூலைக்கு மாற்றிச் சுவரோடு இணையாகப் பார்க்க விடுங்கள். அதே ஆள் இப்போது குறுக்கே நடப்பவராகிவிடுவார். புதுச் சென்சார் வாங்குவதற்கு முன் இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பாருங்கள்.

கோடையில் மட்டும் தவறவிடுகிறது, குளிரில் சரியாக இருக்கிறது என்றால் காரணம் வேறு. பகல் முழுக்க வெயில் குடித்த சுவர் முன்னிரவில் ஆளின் உடைப்பரப்புச் சூட்டுக்கு அருகிலேயே இருக்கும். பின்னணியும் ஆளும் ஒரே சூட்டில் இருந்தால் பி.ஐ.ஆருக்கு வித்தியாசம் தெரியாது. இதற்காக மைக்ரோவேவும் (ரேடார் போல அலை அனுப்பி அசைவைப் பிடிப்பது) சேர்ந்த இரட்டைச் சென்சார் போடுவார்கள். ஆனால் அதன் வழக்கமான அமைப்பு, இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் அலாரம் என்பது. அப்படி இருந்தால் பி.ஐ.ஆர். தவறவிட்டதை மைக்ரோவேவால் காப்பாற்ற முடியாது. பொய் அலாரத்தைக் குறைக்க வந்த அமைப்பு அது, தவறவிடுவதைக் குறைக்க அல்ல. சூடான சுவருக்கு லேசர் ஸ்கேனர்தான் சரியான ஆள். சுவருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரையைத் தொங்கவிட்டு, தூரத்தை மட்டும் அளக்கும். சூடு எப்படி இருந்தாலும் அதற்கு ஒன்றுமில்லை.

கேமராவிலேயே ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறதென்றால், ‘ஒரே இடத்தில் நிற்பது’ என்ற விதியில் எத்தனை வினாடி போட்டிருக்கிறது என்று பாருங்கள். 60 வினாடி என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அதற்குள் அவர் எழுதி முடித்து, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டு போயிருப்பார். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் மட்டும் ஒரு வட்டாரத்தை வரைந்து, அதற்கு 5 முதல் 10 வினாடி வையுங்கள். நடைபாதை முழுவதையும் வட்டாரத்துக்குள் சேர்த்தால் பேருந்துக்கு நிற்பவரெல்லாம் குற்றவாளி ஆகிவிடுவார்.

தினமும் அலாரம், சுவரில் ஒன்றுமில்லை

இந்தப் பகுதி கொஞ்சம் நீளம். ஏனென்றால் ஓர் அமைப்பு உண்மையில் செத்துப்போவது இந்த நோயால்தான். பத்து நாள் பொய்யாக அடித்தால் பதினோராம் நாள் யாரோ ஒருவர் அலாரத்தை அணைத்து வைத்துவிடுவார். பன்னிரண்டாம் நாள் சுவர் நிறைந்திருக்கும். அப்புறம் மேலே சொன்ன முதல் அறிகுறியில் நீங்கள் வந்து நிற்பீர்கள்.

எல்லோரும் முதலில் உணர்திறனைக் குறைக்கிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். உணர்திறனைக் குறைத்தால் பூனையும் போகும், ஆளும் போவான். முதலில் வட்டாரத்தைச் சுருக்குங்கள். அப்புறம் பொருளின் அளவுக்கு வரம்பு வையுங்கள், அப்புறம் நிற்கும் நேரத்தை மாற்றுங்கள். இவ்வளவும் போதாவிட்டால்தான் உணர்திறன்.

அதற்கும் முன்னால், ஒரு வாரத்துப் பொய் அலாரங்களை நேரப்படி அடுக்கிப் பாருங்கள். பாதிக் கதையை நேரமே சொல்லிவிடும்.

சூரியன் உதிக்கும், மறையும் நேரங்களில் கூட்டமாக வந்தால் தாழ்ந்த வெயில் நேராகக் கேமராவிலோ சென்சாரிலோ விழுகிறது. மரக்கிளை நிழல் சுவரில் ஆடுவதும் இதே நேரத்தில்தான். சென்சாரைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து, மேலே ஒரு மறைப்புத் தகடு வைத்தால் பெரும்பாலும் தீரும்.

நள்ளிரவுக்குப் பிறகு நேரம் காலம் இல்லாமல் வந்தால் கேமராக் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிப் பூச்சி பறக்கும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸுக்கு இரண்டு விரற்கடை முன்னால் ஊசலாடும் ஒரு வலை இழை, மென்பொருளின் கண்ணுக்கு யானை மாதிரி. இதற்குக் கேமராவிலுள்ள அகச்சிவப்பை அணைத்துவிட்டு, ஒரு மீட்டராவது தள்ளித் தனி அகச்சிவப்பு விளக்கைப் பொருத்துவதுதான் நிரந்தர வழி. மற்றதெல்லாம் துடைப்பத்தோடு மாதாமாதம் ஏறி இறங்கும் வேலை.

விளக்கு அணைந்த சில வினாடிகளில் மறுபடி எரிகிறது, மறுபடி அணைகிறது, விடியவிடிய இப்படியே என்றால் சென்சார் தன் விளக்கையே பார்த்துப் பயப்படுகிறது. விளக்கு ஆறும்போது ஏற்படும் சூட்டு மாற்றத்தை அது அசைவென்று எடுத்துக்கொள்கிறது. இருட்டைப் பார்த்து இயங்கும் ஒளிச் சென்சாரிலும் இதே மாதிரி உண்டு. தன் வெளிச்சத்தையே விடியல் என்று நினைத்து அணையும், அணைந்ததும் இருட்டென்று எரியும். எந்தச் சென்சாரானாலும் அதன் பார்வையில் விளக்கு படாதபடி பிரித்து வையுங்கள்.

தினமும் ஏறத்தாழ ஒரே நிமிடத்தில் அடித்தால் ஏதோ ஓர் இயந்திரம் ஓடத் தொடங்குகிறது என்று அர்த்தம். குளிர்சாதனம் வெளியே தள்ளும் சூடான காற்று பி.ஐ.ஆரைக் கிளப்பும். மைக்ரோவேவ் கண்ணாடியையும் மெல்லிய தடுப்புச் சுவரையும் ஊடுருவும் என்பதால் உள்ளே சுற்றும் விசிறியும், பிளாஸ்டிக் குழாயில் ஓடும் தண்ணீரும்கூட அதற்கு ஆள் நடமாட்டம்தான். அதன் வீச்சைக் குறைத்துச் சுவரோடு நிறுத்துங்கள். மைக்ரோவேவைப் பொறுத்தவரை உணர்திறனைக் குறைப்பதுதான் வட்டாரத்தைச் சுருக்கும் வழி. மேலே சொன்ன வரிசைக்கு இது ஒன்றே விதிவிலக்கு.

சீறல் ஒலியைக் கேட்கும் கருவி என்றால் கனரக வண்டிகளின் காற்று பிரேக்கும், தோட்டக் குழாயின் பீச்சலும், அடைமழையும் அதை ஏமாற்றும். ஸ்பிரே சீறலின் ஒரு பகுதி மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் இருக்கிறது. அந்த ஒலி காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும். 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி, தூரத்தால் குறைவது போக, மீட்டருக்கு ஒரு டெசிபலுக்கும் மேல் கூடுதலாக இழக்கும். இது ஒரு வகையில் நமக்கு வசதி: சாலையில் நிற்கும் வண்டியின் சீறல் வந்து சேர்வதற்குள் மெலிந்துவிடும். ஆகவே மைக்கைச் சாலையிலிருந்து தள்ளி, சுவருக்கு நெருக்கமாக வைத்து, உயர் அதிர்வெண்ணை மட்டும் கேட்க விட்டால் பொய் அலாரம் நன்றாகக் குறையும். ஒரே மைக் நீளமான சுவர் முழுவதையும் காக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆவிச் சென்சார் ஸ்பிரேக்குப் பேசாமல் இருக்கிறது, தரை துடைத்தால் அலறுகிறது

ஸ்பிரே கேனிலிருந்து வண்ணத்தோடு சேர்ந்து புரொப்பேன், பியூட்டேன், டைமெத்தில் ஈதர் போன்ற உந்துவாயுவும் கரைப்பானின் ஆவியும் வெளிவரும். இவற்றை முகர்வதுதான் இந்தச் சென்சாரின் வேலை. கழிப்பறை, படிக்கட்டு, லிஃப்ட், சுரங்க நடைபாதை ஆகியவற்றில் இது நன்றாக வேலை செய்யும். திறந்தவெளிச் சுவரில் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

மூடிய இடத்திலும் மாட்டும் இடம்தான் முக்கால்வாசிப் பிரச்சினை. புகைக் கருவி போலவே இருப்பதால் கூரை நடுவில் மாட்டிவிடுகிறார்கள். புகை மேலே போகும். புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. இவை மேலே தேடிப் போகாது. அறையில் வெளியேற்றும் விசிறி இருந்தால் அதன் வாயருகே வையுங்கள், அறைக்காற்று முழுவதும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். விசிறி இல்லாவிட்டால் கூரையை விட்டுச் சுவரில் கீழே இறக்குங்கள், கைக்கு எட்டாதபடி ஒரு கம்பிக் கூண்டோடு.

உள்ளே இருப்பது சூடாக்கப்பட்ட உலோக ஆக்சைடுத் துண்டு. புதிதாக மாட்டியதும் ஓரிரு நாள் மின்சாரத்தில் ஊறவிட வேண்டும். அன்றே சோதித்துவிட்டு சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர்களை அறிவேன். கிருமிநாசினி, நகப்பூச்சு, வாசனைத் திரவியம் எல்லாமே அதன் மூக்குக்கு ஒரே குடும்பம். எனவே சுத்தம் செய்யும் நேரத்தில் மட்டும் அலாரத்தை நிறுத்தி வைத்து, மற்ற நேரத்தில் ஆவி அளவு சட்டென்று ஏறும் வேகத்தைப் பார்க்கும்படி அமையுங்கள். ஸ்பிரேயில் சில வினாடிகளில் ஏறும், துடைத்த தரையில் மெதுவாக ஏறும்.

நன்றாக இருந்த சென்சார் படிப்படியாக மந்தமாகிவிட்டதென்றால் பக்கத்தில் யாராவது சிலிகோன் பசையோ சிலிகோன் ஸ்பிரேயோ பயன்படுத்தினார்களா என்று கேளுங்கள். சிலிகோன் ஆவி இந்த வகைச் சென்சாருக்கு விஷம், மீளாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

அலாரம் வந்தது, ஆனால் எழுதி முடித்த பிறகு

நான்கு நேரங்களில் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் பள்ளம் இருந்தால் இது. சென்சார் பெட்டிக்குச் சொல்கிறது, பெட்டி இணையம் வழியாக எங்கோ உள்ள சர்வருக்குச் சொல்கிறது, சர்வர் ஒருவரின் கைப்பேசிக்குச் சொல்கிறது. அவர் எழுந்து, கண்ணாடியைத் தேடி, படத்தைத் திறந்து, பேசும் பொத்தானை அழுத்துகிறார். ஒவ்வொரு கண்ணியும் சில வினாடிதான், ஆனால் கூட்டினால் ஒரு நிமிடம் போய்விட்டது.

முதல் எதிர்வினை இந்தச் சங்கிலியில் சேரவே கூடாது. சென்சாரின் ரிலேயை (அலாரம் வந்ததும் தானாக மூடும் சுவிட்சை) நேராக விளக்கோடும் ஒலிபெருக்கியோடும் இணையுங்கள், இணையம் செத்திருந்தாலும் அது நடக்க வேண்டும். மனிதருக்குப் போகும் செய்தி அதன் பின்னால் சாவகாசமாக வரட்டும். முதல் எழுத்தை முடிக்கும் முன் வெளிச்சம் முகத்தில் அடித்தால்தான் அது தடுப்பு. முடித்த பிறகு அடித்தால் அவருக்குப் படமெடுக்க வெளிச்சம் கொடுத்த மாதிரி.

கேமரா பகலில் சரி, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறது

இதற்கு மென்பொருளைத் தோண்ட வேண்டாம், மின்சாரம் போதவில்லை. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரிகிறது, கேமரா இழுக்கும் மின்னோட்டம் கூடுகிறது, மின்னழுத்தம் விழுகிறது, கேமரா மறுதொடக்கம் ஆகிறது. அந்த இடைவெளியில் விளக்கு அணைந்ததால் அழுத்தம் மீள்கிறது, மறுபடி முதலிலிருந்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட் இணைப்பு, 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 40 மீட்டர் தூரம். போக வர 80 மீட்டர், தடை சுமார் 2.75 ஓம். கேமரா 1 ஆம்பியர் இழுத்தால் கம்பியிலேயே 2.75 வோல்ட் போய்விடும், கேமராவுக்குக் கிடைப்பது 9 வோல்ட்டுக்குச் சற்று மேல். தடித்த கம்பி போடலாம், மின்வழங்கியைக் கேமராவுக்கு அருகில் கொண்டுபோகலாம். நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் அமைப்பு என்றால் கேபிள் 100 மீட்டரைத் தாண்டவில்லை என்பதையும், சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டும் 15.4 வாட் வகையா 30 வாட் வகையா என்பதையும் பாருங்கள். சுவிட்சின் மொத்த வாட் அளவு எல்லாப் போர்ட்டுக்கும் சேர்ந்து போதாமல் போவதும் உண்டு. அப்போது சாவது எப்போதும் ஒரே கேமராவாக இருக்காது, பல நேரம் கடைசியில் விழித்த கேமரா எதுவோ அது சாகும்.

படம் இருக்கிறது, முகம் இல்லை

சுவர் முழுவதும் ஒரே கேமராவில் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டால் இப்படித்தான் ஆகும். கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐ.இ.சி. 62676-4 தரநிர்ணயத்தின் 2014 பதிப்பில் இதற்கு எளிய அளவு இருக்கிறது: ஆள் இருப்பதைக் கண்டுபிடிக்க மீட்டருக்கு 25 பிக்சல், தெரிந்தவரை இன்னாரென்று சொல்ல 125, முன்பின் தெரியாதவரை அடையாளம் காண 250. 1920 பிக்சல் அகலமுள்ள கேமராவில் 20 மீட்டர் சுவரைப் பிடித்தால் மீட்டருக்கு 96தான் கிடைக்கும். 3840 பிக்சல் கேமராவிலும் 192தான். 250 வேண்டுமென்றால் இவற்றில் முறையே 7.68 மீட்டரும் 15.36 மீட்டரும்தான் படத்தின் அகலமாக இருக்கலாம். எனவே சுவருக்கு அகலப் பார்வைக் கேமரா ஒன்று, ஆள் வந்துபோகும் குறுகிய வழியில் முக உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இன்னொன்று. உயரக் கம்பத்திலிருந்து பார்த்தால் தொப்பியின் உச்சி தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான்.

பிக்சல் போதும், ஆனால் படம் இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றால் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளி வாங்கும் நேரத்தைப் பாருங்கள். இருட்டில் கேமரா தானாக 1/25 வினாடிக்கு இறங்கிவிடும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகரும் தலை அதற்குள் 4 சென்டிமீட்டர் போய்விடும், மீட்டருக்கு 250 பிக்சல் என்றால் 10 பிக்சல் கலங்கல். 1/100 என்று பூட்டிவிட்டு, குறையும் ஒளியை விளக்கால் ஈடுகட்டுங்கள். முகம் வெள்ளைப் பூசணியாகத் தெரிந்தால் அகச்சிவப்பு பக்கத்துச் சுவரில் பட்டு எதிரடிக்கிறது, கோணத்தைத் திருப்புங்கள். லென்ஸிலேயே ஸ்பிரே அடித்துவிட்டார்கள் என்றால், படம் மறைக்கப்பட்டதைச் சொல்லும் எச்சரிக்கை பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது, ஆனால் அணைத்தே வந்திருக்கும். அதை இயக்கி, ஒரு கேமராவை இன்னொன்று பார்க்கும்படி வையுங்கள். அக்கம்பக்கத்து ஜன்னல் படத்தில் விழுந்தால் அந்த இடத்தை மறைத்துவிடவும்.

விளக்கு எரிகிறது, குரல் ஒலிக்கிறது, அவர் பாட்டுக்கு எழுதுகிறார்

கருவியில் பிழை இல்லை. அந்த விளக்கு பூனைக்கும் எரியும், அந்தக் குரல் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பதிவு செய்த குரலை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளுங்கள். முதல் சில வினாடி வெறும் வெளிச்சம், நகராவிட்டால் பதிவுக் குரல், அதற்கும் நகராவிட்டால் கேமராவைப் பார்த்தபடி உண்மையான ஒருவர் பேசட்டும்: “நீலச் சட்டை, கேனைக் கீழே வையுங்கள்.” ‘நீலச் சட்டை’ என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கும் பலம் நூறு டெசிபல் சைரனில் இல்லை.

அப்படியும் தப்பி விழுந்ததை உடனே அழியுங்கள். நியூயார்க் சுரங்க ரயிலில் 1984 முதல் 1989 வரை செய்தது இதைத்தான். ஒரு முறை சுத்தம் செய்த பெட்டியில் மறுபடி கிறுக்கல் விழுந்தால், அழிக்கும்வரை அது பயணிகளை ஏற்றி ஓடாது. எழுதியவருக்குத் தன் பெயர் ஊர்சுற்றுவதைப் பார்க்கக் கிடைக்கவில்லை. 1989 மே மாதத்தில் கடைசிப் பெட்டியும் சுத்தமானது. சுவரில் எளிதில் கழுவக்கூடிய பாதுகாப்புப் பூச்சு அடித்து வைத்திருந்தால் இந்த வேலை காலைக்குள் முடியும்.

சரி, எல்லாம் சரிசெய்தபின் ஒரு சோதனை. சுவரில் ஓர் அட்டையைச் சாய்த்துவைத்து, இருட்டியபின் யாரையாவது உண்மையான ஸ்பிரே கேனோடு அனுப்புங்கள். ஆவிச் சென்சாருக்கு லைட்டர் வாயுவை மூக்கில் பீச்சிச் சோதிக்க வேண்டாம், அதில் எந்தச் சென்சாரும் தேறிவிடும், அதோடு சென்சாரையே குழப்பியும் விடும். அட்டையில் ‘க’ என்று எழுதச் சொல்லி, வெளிச்சம் வரும்போது எந்த வளைவில் இருக்கிறார் என்று பாருங்கள். எழுத்து முடிந்துவிட்டால் நான்கு நேரங்களை மறுபடி எழுதி, மேலிருந்து தொடங்குங்கள். அட்டையைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதத்து அட்டையோடு ஒப்பிட உதவும்.